ஆபீசரின் ஒற்றைச் செருப்பு

வெள்ளிக்கிழமை காலை எட்டேகால், ஓரிக்கையிலிருந்து காஞ்சிபுரம் வரும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“ஆபீசரோட ஒரு செருப்பு எங்க வயல்ல கெடக்குதுக்கா.”

“எந்த ஆபீசரு?”

“கம்பெனிக்கு எங்க நெலத்த எடுக்க வந்தாரே, அவருதான். எல்லாம் தரிசுன்னு எழுதிக்கினு வந்தாரு. நாங்க நாத்து நட்டுக்கினு இருக்கோம்.”

“கண்ணு தெரியலயாமா அவருக்கு?”

“வரப்புலேந்து பாத்தா தெரியல போல. எறங்கிப் பாருங்க சார்னோம். செருப்போட எறங்கினாரு.”

“வயல்லயா?”

“முட்டி வரைக்கும் உள்ள பூட்டாரு. நாலு பேரு சேந்து இழுத்தோம். கரையேறினதும் தரிச அடிச்சிட்டு நஞ்சைன்னு எழுதினாரு. இத எடுக்க முடியாதுன்னுட்டாரு. ஊரே பாயசம் வெச்சிச்சு.”

“செருப்பு?”

“தேடினோம், கெடைக்கல. அறுப்புக்கு வாங்க சார், எடுத்துத் தரோம்னு சொல்லியனுப்பினோம்.”