துவாயைக் காணாம வெட்ட மாட்டன்

இல்லை, அன்று அந்தத் துவாயை யாரும் கையில் எடுக்கவில்லை. அது தொடக்கம் முதல் தோணிக்குள், தண்ணீர்ப் போத்தலில் சுற்றியபடி கிடந்தது. மேட்டில் நின்றவர்கள் கண்டது வேறொன்று. அதைச் சொல்லத்தான் இரண்டாம் தடவை வந்திருக்கிறேன்.

பெயர் மீராசாஹிபு ஜெனூபா. வயது 27. ஒலுவில், கடற்கரை வீதியில் உம்மாவுடன் வசிக்கிறேன். பட்டதாரி. 2023.12.17 ஞாயிறு மாலை இதே பொலிஸ் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலத்தில் சைகை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அது பொய். பயத்தில் சொன்னேன். இப்போதும் பயம்தான்.

நானும், காக்கா என்று நான் கூப்பிடும் என் அண்ணன் அஸீமும், பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த ஆலையடிவேம்பு வேலப்போடி சுலக்சனாவும் மூன்று வருடமாக விருந்தினரை ஆற்றுக்கு மீன் பிடிக்கக் கூட்டிப் போகிறோம். இரை வைப்பதில்லை. இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியை எறிந்து பிடித்து, பிடித்த மீனை விட்டுவிடுவோம். பொய்ப்பூச்சிக்குப் பாரமில்லை. ஆகவே அதைத் தாங்கிய கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் பல தடவை வீசி, நீளம் சேர்ந்த பிறகுதான் தண்ணீரில் இறக்க முடியும். எங்கள் கயிறு தூரத்துக்கும் தெரியும் செம்மஞ்சள் நிறம்.

மணல் அடைத்து ஆற்றின் வாய் மூடிக்கிடக்கும். மாரியில் வயலுக்குள் வெள்ளம் நின்றால் கமக்காரர்கள் வந்து அந்த மணல்மேட்டை வெட்டி ஆற்றைக் கடலுக்கு விடுவார்கள். வெட்டும்போது ஆற்றுக்குள் ஆள் இருக்கக்கூடாது. எல்லோரும் ஏறிய பின், கடைசி ஆள் கரையில் நின்று துவாய் போன்ற ஒரு துணியைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசுவார். மேட்டில் நிற்பவர்கள் கையை உயர்த்தி ஆட்டுவார்கள். இவர் மறுபடி ஒரு தடவை வீசுவார். அதன் பிறகுதான் முதல் வெட்டு. இது எங்கும் எழுதி வைத்ததல்ல. இன்ன நிறத் துணி என்றும் இல்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு இது தெரியும்.

வெட்டுவதற்கு முன் கொடுவா மீன்கள் மேட்டோரம் வந்து கூடும். அதனால் அந்த ஞாயிறு காலை சுவீடன் நாட்டு விருந்தினர் ஹென்றிக் என்பவரைக் கூட்டிப் போனோம். ஏழு மணியளவில் சுலக்சனா தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய அப்பா வேலப்போடி அதைத் தன் கையில் வாங்கிக் கதைத்தார். அவர்தான் அந்த வயற்கண்டத்துக் கமக்காரருக்குத் தலைவர்.

"மகள், பத்து மணிக்குப் பெக்கோ வருது. அதுக்குள்ள உங்கட வெள்ளக்காரன ஏத்திருங்க. புடிச்ச மீனுக்கு முத்தம் குடுத்து அனுப்புற ஆக்கள், நேரம் பாக்கமாட்டீங்க."

"ஏறிருவம் மாமா."

"துவாயைக் காணாம வெட்ட மாட்டன். பயப்படாதீங்க."

இதற்கு முன் மண்வெட்டியால்தான் வெட்டினார்கள். நீர் இழுக்கத் தொடங்க இரண்டு மணித்தியாலமாவது செல்லும். இந்த முறை மண் தோண்டும் பெக்கோ இயந்திரம். அதன் வித்தியாசத்தை நாங்கள் யோசிக்கவில்லை.

அதன் பிறகு ஒன்பதரை மணியளவில் தோணியைக் கரையில் கட்டிவிட்டு, ஆற்றின் நடுவில் மணல் உயர்ந்த இடத்தில் நின்றோம். மேடு அங்கிருந்து நானூறு மீற்றர் இருக்கும். தூறல். விருந்தினருக்கு இடுப்பளவு தண்ணீர், காக்கா அவருக்குப் பக்கத்தில். நான் கணுக்கால் தண்ணீரில், தூரத்திலிருந்து பார்த்தால் கரையில் நிற்பதுபோல. விருந்தினரின் கயிறு அவருடைய தொப்பியிலேயே மூன்று தடவை சிக்கியது. காக்கா மேட்டுக்கு முதுகு காட்டி நின்று சிரித்தார்.

"ஜெனூ, நீ ஒருக்கா எறிஞ்சு காட்டு புள்ள. இவர் மாட்டுக்கு இலையான் வெரட்டுற மாதிரி வீசுறார்."

நான் தூண்டில் தடியை வாங்கி வீசினேன். அன்று கயிறு நன்றாக ஓடியது. தண்ணீரில் இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு என்று காற்றிலேயே வைத்திருந்தேன். அழகாக இருந்தது என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

அதன் பிறகு மேட்டில் மூன்று நான்கு பேர் நிற்பதைக் கண்டேன். நடுவில் வெள்ளைச் சாரம் உடுத்து நின்றவர் வேலப்போடி மாமா. அவர்கள் கையை உயர்த்தி ஆட்டினார்கள். என்னைக் கண்டு சந்தோசத்தில் ஆட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். நான் தடியைத் தலைக்கு மேல் தூக்கி மறுபடி ஒரு தடவை வீசினேன்.

முதல் வாக்குமூலத்தில் நான் விட்ட இடம் இதுதான்.

அதன் பிறகு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. இப்போதுதான் வந்து சேருகிறது என்று நினைத்தோம். காக்கா நேரம் பார்த்தார். ஒன்பது நாற்பது. "இன்னும் இருவது நிமிசம் கிடக்கு" என்றார். சிறிது நேரத்தில் என் கணுக்காலில் இருந்த தண்ணீர் விரலுக்கு இறங்கியது. காலுக்கடியில் மணல் நகர்ந்தது. பக்கத்தில் மிதந்த ஆற்றுவாழைத் தழை ஒன்று கடல் பக்கம் போனது, முதலில் மெல்ல, பிறகு மெல்ல அல்ல. காக்கா திரும்பிப் பார்த்தார்.

"வெட்டிட்டாங்கடி! ஏறு, கெதியா ஏறு!"

கரைக்கு ஓடும்போது விருந்தினர் விழுந்தார். அவருடைய நீண்ட சப்பாத்துக்குள் தண்ணீர் நிறைந்திருந்தது. காக்கா அவரைப் பின்னால் இருந்து தள்ளிக் கண்டல் வேரைப் பிடிக்கவைத்தார். அதற்குப் பிறகு காக்காவுக்குப் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவருடைய தலை மேட்டின் வெட்டுவாய்க்கு ஊடாகக் கடலுக்குள் போவதைக் கண்டேன். நான் கூப்பிடவில்லை. கரையில் ஏறி நின்ற பிறகும் தடி என் கையில் இருந்தது.

அதன் பிறகு ஒலுவில் படகொன்று அவரை அலைக்கு வெளியே தூக்கியது. விருந்தினருக்கு மணிக்கட்டு முறிவு. காக்கா வைத்தியசாலையில் இருக்கிறார். இயந்திரம்தான் அவருக்கு மூச்சு விடுகிறது. இன்றுவரை கண் திறக்கவில்லை.

அன்று மாலை இங்கே வந்தபோது, சைகை கிடைக்காமல் வெட்டியதாக வேலப்போடி மாமாவைப் பிடித்து வைத்திருந்தீர்கள். உள்ளறையிலிருந்து அவர் கதைப்பது கேட்டது. "நான் கண்டனான் ஐயா. ரெண்டு தரம் கண்டனான்." யாரோ சிரித்தார்கள். போன வருடம் அவருக்குக் கண்புரை வெட்டியது எல்லோருக்கும் தெரியும். என்னைக் கேட்டபோது தெரியாது என்றேன்.

வீட்டுக்குப் போன பிறகு சுலக்சனா அழைத்தாள்.

"ஜெனூ, அப்பா பொய் சொல்ற ஆளில்லடி. கண்ணில பூ விழுந்த மனுசனெண்டு சிரிக்கிறாங்க. ஆர் காட்டினது? அஸீம் அண்ணனா?"

"எனக்குத் தெரியா."

காக்காவைப் பார்க்கப் போக வேண்டும் என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தேன்.

திங்களும் செவ்வாயும் வைத்தியசாலையில் இருந்தேன். செவ்வாய் பின்னேரம் காக்காவின் வலது கை விரல் அசைந்ததாகத் தாதி சொன்னார். உம்மா அழுது அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். நான் கட்டிலை விட்டுப் பின்னால் நகர்ந்தேன். அவர் எழும்பினால் முதலில் என்ன சொல்வார் என்ற பயம் அது. எழும்பமாட்டார் என்ற பயம் அதுவரை இருந்தது. அதற்கு மேல் இது வந்து உட்கார்ந்தது. உம்மா என் கையைப் பிடித்தார்.

"என்ன புள்ள, நல்ல சேதிக்கா தள்ளிப் போற?"

காக்கா எழும்பிவிடுவாரோ என்று நான் பயந்தேன். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க முடியவில்லை. ஆகவே இன்று புதன்கிழமை காலை இங்கே வந்தேன்.

வேலப்போடி மாமா சொன்னது உண்மை. அவர் சைகையைக் கண்டார். பதிலுக்குக் கை ஆட்டினார். இரண்டாம் சைகையையும் கண்டார். வழமை என்ன சொல்கிறதோ அதையே செய்தார். இரண்டையும் காட்டியது நான், துவாயால் அல்ல, தூண்டில் கயிற்றால். விருந்தினருக்கு இந்த வழமை தெரியாது; ஆற்றுக்குள் என்னைத் தவிர அதைக் கண்டு விளங்கக்கூடிய இன்னொருவர் காக்கா மட்டுமே. அவர் என்ன சொல்வார் என்று பார்த்துவிட்டு இதைச் சொல்ல நான் விரும்பவில்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை. நான் அறிந்தவரை எல்லாம் உண்மை. இதைச் சொல்லும்படி யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

(ஒப்பம்) மீ. ஜெனூபா
2023.12.20, மு.ப. 10.50

பதிந்தவர் குறிப்பு: ஒப்பமிட்ட பின் இவர் வேலப்போடியைப் பார்க்க அனுமதி கேட்டார். அப்போது கொடுக்கப்படவில்லை. இவர் வீட்டுக்குப் போகவில்லை. வெளியே வாங்குப் பலகையில் தகப்பனுக்குச் சோற்றுப் பார்சலுடன் காத்திருந்த சுலக்சனா என்பவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, அவரிடம் கதைக்கத் தொடங்கினார்.