பூட்டாமல் நின்ற பச்சை சைக்கிள்

காவல் நிலையம், செஞ்சி. 13.11.2025, வியாழக்கிழமை, காலை 11.00 மணி. காணாமல் போய்க் கண்டுபிடிக்கப்பட்ட ரங்கநாதன் என்பவர் தொடர்பாக விசாரிக்கப்பட்டபோது அளித்த வாக்குமூலம்.

பெயர் அனந்தமதி, வயது 66, க/பெ. காலஞ்சென்ற தரணேந்திரன், மேட்டுத் தெரு, செஞ்சி.

நான் மேற்கண்ட முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. வல்லம் பக்கத்துக் கிராமங்களுக்குத் தபால் கொண்டு போகும் ஊழியராக முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். அவ்வளவு காலமும் சைக்கிளில்தான் போனேன். வழியில் பஞ்சர் ஆனால் தள்ளிக்கொண்டு ஊர் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்பதால் பழுது பார்க்க நானே கற்றுக்கொண்டேன். ஊரில் போஸ்ட்டம்மா என்றால்தான் என்னைத் தெரியும். அனந்தமதி எங்கே என்று கேட்டால் பக்கத்து வீட்டிலேயே யோசிப்பார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு, திருவண்ணாமலை சாலையில் கோட்டைக்குப் போகும் வழியில், முன்பு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை அடுக்கிய கிடங்கு ஒன்றில், நானும் சைபுதீன், மகாலட்சுமி ஆகியோரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிள் கூடம் நடத்தி வருகிறோம். சைபுதீன் மற்ற நாட்களில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். மகாலட்சுமி சத்துணவு மையத்தில் வேலை செய்பவர். யார் வண்டி கொண்டு வந்தாலும் கூலி வாங்காமல் பழுது பார்த்துக் கொடுப்போம். பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து, அந்தச் சாமான்களை வைத்தே மற்ற வண்டிகளைச் சரி செய்வோம். மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவோம். எங்கள் சமண வழக்கப்படி பொழுது இறங்கிய பிறகு நான் சாப்பிடுவதில்லை என்பதால் அந்த நேரம் எனக்காக வைத்தது.

கூடத்துச் சுவரில் ஒரு விதி பெயிண்டில் எழுதியிருக்கிறது. ஷட்டர் மூடியிருக்கும் நேரத்தில் வண்டியைச் சுவரில் சாய்த்துப் பூட்டி, சாவியை அங்கே தொங்கும் டப்பாவில் போட்டுவிட்டுப் போனால் அது பழுது பார்க்க வந்த வண்டி. பூட்டாமல் விட்டுப் போனால் அது கூடத்துக்குக் கொடுத்துவிட்ட வண்டி. கொடுத்த வண்டியை அன்றைக்கே பிரித்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒருமுறை அண்ணன் கொடுத்த வண்டியைத் தம்பி வந்து தன்னுடையது என்று கேட்டு, இருவரும் வாசலில் சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள். அதிலிருந்து சக்கரம் சக்கரக் குவியலுக்கு, செயின் மண்ணெண்ணெய் டின்னுக்கு, ஃபிரேம் கொக்கிக்கு என்று உடனே பிரித்துப் போட்டுவிடுவோம். அதற்குப் பிறகு எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

மேற்படி ரங்கநாதன், வயது 71, அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் இந்துமதி பெங்களூரில் இருக்கிறார். இவர் செஞ்சியில் தனியாக இருந்தார். கடந்த ஓராண்டாக ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணி வாக்கில் தன்னுடைய பச்சை நிற சைக்கிளோடு கூடத்துக்கு வருவார். ஒரு வாரம் வால் டியூப் கிழிந்திருக்கும். மறு வாரம் செயின் தளர்ந்திருக்கும். அதற்கு அடுத்த வாரம் பிரேக் நட்டு கழன்றிருக்கும். தானாகக் கழலும் நட்டில் மரைக்குள் தூசி ஏறியிருக்கும். இவர் கொண்டு வரும் நட்டு துடைத்து வைத்ததாக இருக்கும். வீட்டில் உட்கார்ந்து இவரே கழற்றிக்கொண்டு வருகிறார் என்பது மூன்றாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கேட்கவில்லை. பத்து நிமிட வேலையை நானும் ஒரு மணி நேரம் செய்தேன். இதை எழுத வேண்டுமா என்று எழுதுபவர் கேட்டார். எழுதச் சொன்னேன்.

அவர் கவிழ்த்த டின் மேல் உட்கார்ந்து, நான் கேட்கும் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு, செஞ்சியிலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் நடுவில் உள்ள ஸ்டாப்பிங்குகளை வரிசை தப்பாமல் சொல்வார். நான் தபால் கொண்டு போன ஊர் வந்தால் அங்கே யார் வீட்டில் நாய் கடிக்கும் என்று நான் சொல்வேன். வேறு எதுவும் பேசியதில்லை. ஒருமுறை மட்டும், சாலைக்கு எதிர்ப்புறம் இடிந்த மதிலை ஒட்டி ஏறும் பாறையைக் காட்டி, "அந்தப் பாறை மேல குந்திக்கினா உங்க ஷட்டரு நல்லா தெரியுது போஸ்ட்டம்மா. கூட்டம் கொறையுற வரைக்கும் அங்கதான் இருப்பேன்" என்றார். வீட்டுக்குப் போனால் பேச்சுத் துணைக்கு எனக்கும் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று நானும் இருந்தேன்.

02.11.2025 ஞாயிறு அன்று அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது மகாலட்சுமி என்னைப் பார்த்து, "உங்க ஆளு வராரு பாருங்க, இன்னைக்கி இன்னா ரிப்பேரோ" என்றார். அங்கே வண்டியோடு காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். மகாலட்சுமி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் எல்லோரையும் கேலி பேசுவார். நானும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு பேச்சைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதன் பிறகு நான் அத்தனை பேர் முன்னிலையில், "கண்டக்டர் சார், வண்டியில நெசமா ரிப்பேர் இருந்தா மட்டும் கொண்டாங்க. ஒண்ணும் இல்லாததுக்கு இங்க வந்து குந்திக்கினு இருக்காதீங்க" என்று சொன்னேன். அவர் "சரிங்கம்மா" என்றார். எப்போதும் போஸ்ட்டம்மா என்பவர் அன்று அம்மா என்று மட்டும் சொன்னார். கையில் இருந்த ஸ்பேனரை அது இருக்க வேண்டிய ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

09.11.2025 ஞாயிறு அன்று காலையில் மழை பெய்ததால் கூடத்துக்கு நாலைந்து வண்டிகள்தான் வந்தன. மகாலட்சுமி வரவில்லை. சைபுதீன் மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டார். மூன்றே முக்கால் மணி இருக்கும், ரங்கநாதன் வண்டியைத் தள்ளிக்கொண்டு தூரத்தில் வருவதைப் பார்த்தேன். உடனே ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்கதவு வழியாகப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டேன். பயம் என்று சொல்ல முடியாது. போன வாரம் பேசியதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. வண்டியைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு இரும்பு இரும்பில் இடிக்கும் சத்தம் விட்டு விட்டு ஏழெட்டு முறை கேட்டது. என்னவென்று எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அதன் பிறகு சத்தம் இல்லை.

நாலரை மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன். பச்சை சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. பூட்டவில்லை. அவரைக் காணவில்லை. பின் சக்கரத்தில் கம்பிகள் சில உடைந்து தொங்கின. சக்கரம் கெட்டுவிட்டது, என் மேல் இருக்கிற கோபத்தில் வண்டியையே வேண்டாம் என்று தலை முழுகிவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்தேன். எனக்கும் கோபம் வந்தது. இருபது நிமிடத்தில் வண்டியை முழுக்கப் பிரித்துவிட்டேன். சக்கரத்தைக் குவியலில் போட்ட வேகத்தில் மற்ற சக்கரங்கள் சரிந்தன. ஐந்து மணிக்குப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டேன். அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை முழுவதும் நான் வீட்டில் இருந்தேன். என்னிடம் இருப்பது பட்டன் போன். எனக்கு ஒரு தகவலும் தெரியாது.

11.11.2025 செவ்வாய் காலை எட்டு மணிக்கு சைபுதீன் வீட்டுக்கு வந்து, தன் போனில் ரங்கநாதனின் போட்டோவைக் காட்டினார். திங்கள் காலை மகள் போன் செய்து எடுக்காததால் பக்கத்து வீட்டாரை விட்டுப் பார்க்கச் சொன்னதாகவும், வீடு பூட்டியிருந்ததாகவும், பூட்டை உடைத்துப் பார்த்தபோது செல்போன் உள்ளே சார்ஜில் இருந்ததாகவும், சைக்கிள் இல்லாததால் சைக்கிளில் எங்கோ போய்விட்டார் என்று மகள் ஊருக்கு வந்து புகார் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். "பச்ச சைக்கிளக் காணோம்னு திண்டிவனம் ரோடு, சேத்துப்பட்டு ரோடெல்லாம் பாத்துட்டாங்க. பனமலை அவுரு சொந்த ஊராமே, அங்க ஏரியில ஆள எறக்கித் தேடறாங்க" என்றார்.

அந்த இடத்திலேயே சைபுதீனிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சரி என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டுக் கூடத்துக்குப் போனேன். ஒரு மனிதருடைய வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சாக்கில் கட்டிக்கொண்டு போய் அவர் மகள் முன்னால் கொட்ட எனக்கு முகமில்லை. முதலில் வண்டியை முழு வண்டியாகச் சேர்த்துவிடுவோம், அதன் பிறகு நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போவோம் என்று நினைத்தேன். எட்டரை மணிக்கு ஆரம்பித்தேன். பதினொன்றரை மணி வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அந்த மூன்று மணி நேரமும் போலீசார் பனமலை ஏரியில் தேடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நான் சொல்லும் எந்தக் காரணமும் காரணம் ஆகாது.

கடைசியாகப் பின் சக்கரத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் நிதானமாகப் பார்த்தேன். ஆறு கம்பிகள் உடைந்திருந்தன. ஓடி ஓடி உடையும் கம்பி, அச்சைச் சுற்றி இருக்கும் ஹப்பில் மாட்டிய வளைவில் உடையும். இவை ஆறும் நடுவில், பிளேயரால் நறுக்கிய மாதிரி இருந்தன. நிஜமாகப் பழுது இருந்தால் மட்டும் வரச் சொன்னேன். நிஜமாகப் பழுது பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். அறுந்த கம்பிகளில் ஒன்று வளைந்து பூட்டின் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. பூட்டின் நாக்கு அந்தக் கம்பியில் பட்டுப் பட்டு ஒரே இடத்தில் ஏழெட்டுப் புதுக் கீறல் இருந்தது. ஞாயிறு அன்று நான் கேட்ட சத்தம் அதுதான். அவர் பூட்டப் பார்த்திருக்கிறார். பூட்டு விழவில்லை. அவர் வண்டியைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை, பழுது பார்க்கத்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அப்படியானால் ஷட்டர் எப்போது திறக்கும் என்று பார்க்கப் பக்கத்தில்தான் எங்கேயோ போயிருப்பார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு சக்கரத்தைக் கீழே போட்டுவிட்டு, சாலையைக் கடந்து, எதிர்ப் பாறை மேல் ஏறினேன். மேலே யாரும் இல்லை. ஒரு குடை மட்டும் கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் கூடத்து ஷட்டர் நன்றாகத் தெரிந்தது. நான் கண்டக்டர் சார், கண்டக்டர் சார் என்று கூப்பிட்டுக்கொண்டு இறங்கும்போது, மழையில் பாசி பிடித்த இடத்தில் வழுக்கிய தடம் இருந்தது. அதற்குக் கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவில், பத்துப் பதினைந்து அடி ஆழத்தில் அவர் கிடந்தார். கண் திறந்திருந்தது. உதடு வெள்ளையாக இருந்தது. நான் ஒருக்களித்து இறங்கிப் பக்கத்தில் போனேன். அவர் என்னைப் பார்த்து, "ஷட்டரு தொறந்துச்சி, பாத்தேன். வந்துக்கினேதான் இருந்தேன்" என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. அவருடைய மஞ்சள் பை பக்கத்தில் கிடந்தது. அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய ஆறு புதுக் கம்பிகள் இருந்தன.

அதன் பிறகு நான் போட்ட சத்தத்தில் டீக்கடையில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். 108 வண்டி வந்து அவரை விழுப்புரம் அரசு மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றது. அதன் பிறகு நான் நிலையத்துக்கு வந்து நடந்ததை வாய்மொழியாகச் சொன்னேன்.

12.11.2025 புதன் அன்று காலை பஸ் பிடித்து விழுப்புரம் போனேன். நோயாளிக்கு என்ன உறவு என்று வாசலில் கேட்டார்கள். சைக்கிள் ரிப்பேர் செய்பவள் என்றேன். சொந்தக்காரர் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்றார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மகள் இந்துமதி வெளியே வந்தார். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார்கள் என்றார். பிழைத்தால் பெங்களூருக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னார். "நீங்கதான் போஸ்ட்டம்மாவா? நைனா போன்ல உங்களப் பத்திதான் பேசுவாரு. வாரா வாரம் ரிப்பேர்னு சொல்றீங்களே நைனா, புது சைக்கிள் வாங்கித் தரேன்னு எத்தினியோ வாட்டி சொன்னேன். வேணாம்மா, புதுசுல ரிப்பேரே வராதுன்னாரு" என்றார். அதன் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இறக்கியது, வண்டியைப் பிரித்தது, செவ்வாய்க்கிழமை மூன்று மணி நேரம் தாமதித்தது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் உள்ளே போய்விட்டார். பிறகு வெளியே வரவில்லை. நான் நாலு மணி பஸ்ஸில் திரும்பினேன். அன்று சாப்பிடவில்லை.

ஊர் திரும்பியதும் நேராகக் கூடத்துக்குப் போய், அவருடைய மஞ்சள் பையிலிருந்து நான் எடுத்து வைத்திருந்த அதே ஆறு கம்பிகளைப் பின் சக்கரத்தில் மாட்டி, கோட்டம் எடுத்து, பூட்டையும் மாட்டினேன். பூட்டு இப்போது முதல் தடவையிலேயே விழுகிறது. இன்று காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிலையத்தில் ஒப்படைத்தேன். வண்டியில் பழுது எதுவும் இல்லை. பழுது இல்லாமலே வரலாம் என்று ரங்கநாதனிடம் நான் சொல்ல வேண்டும். என்னை உள்ளே விடவில்லை, அவரிடம் போன் இல்லை. மகள் கையில் வண்டியைக் கொடுக்கும்போது இந்த வரியையும் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். வழக்குக்குத் தேவையில்லை என்று மேலே உள்ள கடைசி மூன்று வரிகளை விட்டிருந்தார்கள். சேர்க்கச் சொல்லி, சேர்த்ததைப் பார்த்த பிறகு, எல்லாம் உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
த. அனந்தமதி