‘ஆனாலும்’ இல்லாத பாட்டு

அவைக்குத் தலைமையேற்று, நான் எழுந்த கணமே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே! அந்தக் கடிகாரத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்சிக்குழுப் பெரியவர்களே! பட்டம் பெற்றும் பதவி பெறாத, பதவி பெற்றும் பட்டம் பெறாத ஆசிரியத் தோழர்களே! எந்தப் படிப்பில் பிள்ளையைச் சேர்ப்பது என்று கேள்வி கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! அந்தக் கேள்விக்குத் தலையாட்ட வந்திருக்கும் தந்தைமார்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

இந்த இறையியல் கல்லூரியின் முதுநிலைப் பட்டங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் எபிரேயம் கற்பிப்பவன். வலமிருந்து இடமாகப் படித்தே பழகியவன். ஆகவே முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டம் கலைந்ததும் ஆட்சிக்குழு கூடும். ஆய்வுப் பட்டத்தை இழுத்து மூடலாமா என்று வாக்கெடுப்பு நடக்கும். காரணம், இந்த ஆண்டு அதற்கு விண்ணப்பித்தவர் ஒரே ஒருவர். மூடக்கூடாது என்பது என் கட்சி.

என்ன, மைக் கேட்கவில்லையா? கவலை வேண்டாம். இதுவரை போனது முன்னுரைதான், யாருக்கும் நட்டமில்லை.

எம்.டிவ். என்பது போதகராவதற்கான மூன்றாண்டுப் படிப்பு. முடித்தால் சபை கிடைக்கும். சபை கிடைத்தால் சண்டை கிடைக்கும். சண்டை கிடைத்தால் மாற்றல் கிடைக்கும். இப்படி ஆயுள் முழுக்க ஏதாவது கிடைத்துக்கொண்டேயிருப்பதால் அதற்குக் கூட்டம் அதிகம். அடுத்தது கவுன்சலிங். அதில் பிறர் பேசுவதைக் கேட்கக் கற்றுத் தருகிறோம்; ஆகவே ஆசிரியர்கள் யாரும் அதில் சேர்வதில்லை. சபை நிர்வாகம் என்று ஒன்று உண்டு. அது முடித்தவர்கள் நாற்காலி போடாவிட்டால் இன்று நீங்கள் நின்றுகொண்டுதான் இருப்பீர்கள். கடைசியாக, இரண்டாண்டு ஆய்வுப் பட்டம். எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியவரும் சேரலாம். யாரும் சேர்வதில்லை.

“அதப் படிச்சா என்ன வேலைங்க கிடைக்கும்?” என்று அங்கே ஓர் அம்மா கேட்கிறார். கேளுங்கள் அம்மா, நன்றாகக் கேளுங்கள். அதற்கான விடை ஒரு சாவு வீட்டில் இருக்கிறது.

நம் வாசலுக்கு எதிரே மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் சென்ற ஆண்டு கடையிலேயே சரிந்து விழுந்து இறந்துபோனார். இந்த மேடையில் உள்ள மூக்குகளில் பாதி அவருடைய வாடிக்கை. துக்கம் கேட்கப் போனோம். எம்.டிவ். முடித்த போதகர், கவுன்சலிங் முடித்தவர், நிர்வாகம் முடித்தவர், ஆய்வுப் பட்டத்தில் அப்போதிருந்த ஒரே மாணவர், நான். அந்த மாணவருக்கு விடுதியில் ‘அடிக்குறிப்பு’ என்று பெயர். மழை பெய்கிறது என்றால் நனைந்துகொண்டே “யார் சொன்னது?” என்று கேட்பார்.

போதகர் தொடங்கினார்: “எல்லாம் நன்மைக்குத்தாம்மா.” நன்மை, நம்பிக்கை, நன்றி என்று மூன்று தலைப்பு. துக்க வீட்டிலும் மோனை தவறவில்லை. கவுன்சலிங்காரர் கேட்டார்: “இப்ப உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?”

“எப்படி இருக்கும்னு நெனக்கிறீங்க?” என்றார் கடைக்காரரின் மனைவி.

நிர்வாகம் படித்தவர் நாற்காலி போதுமா என்று விசாரித்தார். அதுவரை கேட்கப்பட்டவற்றில் விடை சொல்லக்கூடிய கேள்வி அது ஒன்றுதான்.

பிறகு அந்த அம்மா சொன்னார்: “ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குக் கோவம் கோவமா வருது.”

“வீட்டுக்காரர் மேலயாம்மா?” என்று கேட்டார் போதகர்.

“இல்லைங்க. மேல இருக்கறவர் மேல.”

போதகர் பதறினார். “அப்படியெல்லாம் சொல்லக்கூடாதும்மா. பாவம்!”

“பாவம்னா யாரு, நானா? இல்ல நான் சொன்னதா?”

அவையோரே, அந்தக் கேள்விக்கு எங்களில் எந்தப் பட்டதாரி பதில் சொன்னார்? அடிக்குறிப்புதான் தொண்டையைச் செருமினார்.

“அம்மா, நான் ஆய்வுக்கு எடுத்திருக்கறது வேதத்துல வர்ற புலம்பல் பாட்டுங்க. அநேகமா எல்லாத்துலயும் அழுது முடிச்சதும் ஒரு ‘ஆனாலும்’ வரும். ஆனாலும் உம்மை நம்புவேன், ஆனாலும் துதிப்பேன்னு.”

“தெரியும்ப்பா. அந்த ஆனாலும்தான் எனக்கு வரமாட்டேங்குது.”

“ஒரு பாட்டுல அது இல்லைங்கம்மா. முறையிட்டுக்கிட்டே ஆரம்பிச்சு இருட்டுலயே முடியுது. பதிலே கிடையாது.”

“அப்புறம் எதுக்கு வெச்சிருக்காங்க?”

“அது தெரியலைங்க. ஆனா எடுத்துப் போடல. பழைய ஏட்டப் பாத்துப் படியெடுத்தவங்க யாரும் பாவமேன்னு ஒரு ‘ஆனாலும்’ சேத்து எழுதவும் இல்ல. கையில கிடைச்ச பிரதியெல்லாம் பாத்துட்டேன்.”

அந்த அம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். “அப்ப இன்னிக்கு நான் அதைச் சொல்லியே ஆகணும்னு இல்ல?”

“இல்லைங்கம்மா.”

“உக்காரு தம்பி,” என்றார். அடிக்குறிப்பு உட்கார்ந்தார். எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

பெரியோர்களே! தேறுவது வேறு, தேற்றுவது வேறு. நடுவில் இருப்பது ஓர் ஒற்றெழுத்து. எத்தனை தேர்வில் தேறினோம்? எத்தனை பேரைத் தேற்றினோம்? தூய ஆவிக்குத் ‘தேற்றரவாளன்’ என்று பெயர் வைத்த தமிழ், ‘தேர்வாளன்’ என்று வைக்கவில்லையே, ஏன்?

எம்.டிவ். வேண்டாம் என்கிறேனா? முன்வரிசையில் போதகர் முறைக்கிறார். வேண்டும் ஐயா, வேண்டும்! ‘ஆனாலும்’ என்று ஓங்கி முழங்க ஊருக்கு நூறு பேர் வேண்டும். ஆனால் அது இல்லாத இடத்தில் இல்லை என்று பார்த்துச் சொல்ல ஒரே ஒருவர் வேண்டாமா? அந்த ஒருவரை உருவாக்கும் அறையைத்தானா நாம் பூட்டப் போகிறோம்?

இந்த ஆண்டின் ஒரே விண்ணப்பம் அந்தக் கடைக்கார அம்மாவுடையது. “சொல்லிக்கோங்க, ஆனா நான் அழுதேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் அழல” என்ற நிபந்தனையோடு அனுமதி தந்தபடியால் சொல்கிறேன். நேர்காணலில் முதல்வர் கேட்டார்: “இந்த வயசுல இதப் படிச்சு என்னம்மா செய்யப் போறீங்க?”

“சாவு வீட்டுக்குப் போவேங்கய்யா.”

“போய்?”

“தெரியாதத தெரியலைன்னு சொல்லுவேன். அதுக்கே ரெண்டு வருஷம் படிக்கணும் போலிருக்கே.”

இதற்கு மேல் சொல்ல என்னிடம் எந்த மொழியிலும் ஒன்றுமில்லை. பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுமையாகக் கேட்பதுபோல் இருந்தவர்களுக்கு அதைவிட நன்றி. கைதட்டுவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆட்சிக்குழுப் பெரியவர்களே, நீங்கள் உள்ளே போய், மூடக்கூடாது என்று கையைத் தூக்குங்கள். வணக்கம்.