இது ஆரினோட படம்

மாலை ஐந்து மணி. லாஸ் ஏஞ்சல்ஸை விட்டுக் கடலோரமாகப் போய், மலைக்குள் ஏறுகிற மண் சாலை. ஒரு வண்டி இல்லை, ஒரு வீடு இல்லை... தைலமர வாசனை மட்டும்.

கிட்டே வந்து உட்காருங்கள். மழை விடுகிற மாதிரி இல்லை, நாளைக்கும் படப்பிடிப்பு நடக்காது. இது நம் யூனிட்டில் இருக்கிற நெட்டின் மாமாவுக்கு நடந்தது. பெயர் எவரெட். பேசும் படம் வராத காலத்து டைரக்டர்.

டைரக்டர்கள் சேர்ந்து அப்போதுதான் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ரகசியக் கைகுலுக்கல், சத்தியம், ஒருவரையொருவர் சகோதரா என்று அழைப்பது... அந்தக் கூத்தெல்லாம் உண்டு. ஒரு வழக்கம் மட்டும் கூத்தில்லை. பாதிப் படத்தில் ஒரு சகோதரன் செத்துப்போனால் மீதியை இன்னொருவன் எடுத்துக் கொடுக்க வேண்டும். படத்தில் செத்தவன் பெயர்தான் வரும்.

விஷக்காய்ச்சல் வந்த வருடம் ஆரின் என்பவர் போய்ச் சேர்ந்தார். “அவரு படத்தை யாரு முடிக்கிறீங்க?” என்று தலைவர் கேட்டார். எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். எவரெட் அன்றைக்குத்தான் தன் சொந்தப் படத்தை முடித்திருந்தார். கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

“செத்தாலும் நம்ம சங்கத்துல லீவு கிடையாது போல” என்று முனகிக்கொண்டே கையைத் தூக்கினார். பாவம், இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன்.

மிச்சம் ஒரே காட்சி, நான் சொன்ன அந்த மலைச் சாலை முடிகிற இடத்தில். கதாநாயகி லியோனா, துரத்துகிறவனுக்குப் பயந்து பின்பக்கமாகவே நடந்து பாறை விளிம்புக்கு வர வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. அந்தக் காலத்தில் கேமரா ஓடும்போதே டைரக்டர் பேசிக்கொண்டிருப்பார். அந்தக் குரலை நம்பித்தான் நடிகர்கள் காலை வைப்பார்கள். விளிம்புக்கு அப்பால்... அதல பாதாளம்.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. சங்கத்து வழக்கப்படி எவரெட் தொப்பியைக் கழற்றிச் சொன்னார்: “இது ஆரினோட படம். டைரக்டர் அவருதான். நான் சும்மா கூட நிக்கிறவன்.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கேமராமேன் கஸ் கைப்பிடியைச் சுற்றினார். டக்டக்... டக்டக்... லியோனா பின்னால் நகர்ந்தாள். “மெதுவா... மெதுவா...” விளிம்புக்கு நாலடி இருக்கும்போது எவரெட் சொன்னார்: “போதும்! கட்!”

அவள் நிற்கவில்லை.

கேமராவும் நிற்கவில்லை. டக்டக்... டக்டக்...

“லியோனா! நில்லும்மா!”

அவள் தலையை லேசாகச் சாய்த்திருந்தாள்... முதுகுக்குப் பின்னால் யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி. குப்பென்று கற்பூர வாசனை. காய்ச்சல்காரர்கள் நெஞ்சில் தேய்த்துக்கொண்டார்களே, அந்தக் கற்பூரம்.

எவரெட் ஓடினார். கேமராவுக்குக் குறுக்கே... எந்த டைரக்டரும் செய்யாத காரியம். கையைப் பிடித்து இழுத்தபோது அவளுடைய ஒரு குதிகால் அந்தரத்தில் இருந்தது.

அவளுக்குக் கோபமான கோபம். “ஏன் சார் நடுவுல வந்தீங்க? அவரு இன்னும் ‘வா கண்ணு, வா கண்ணு’ன்னு சொல்லிட்டுத்தானே இருக்காரு?”

“யாரு?”

“டைரக்டர்.”

கஸ் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார். “நிறுத்துய்யா!” என்று எவரெட் கத்தினார்.

“டைரக்டர் கட் சொல்லலையே” என்றார் கஸ், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எவரெட் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பயமா, களைப்பா என்று கேட்டால் இரண்டும்தான் என்பாராம். லியோனாவின் கையை விடாமல், அந்த வெறும் பள்ளத்தைப் பார்த்துக் கெஞ்சினார்.

“ஆரின் அண்ணே... நல்லா வந்திருச்சுண்ணே. போதும். எல்லாரும் அலுத்துப்போயிட்டோம். இந்தப் பொண்ணை விட்டுருங்க.”



அப்புறம் பள்ளத்துக்குள்ளிருந்து ஓர் இருமல்... “கட்.”

டக்டக் நின்றது. அப்பாடா என்று எவரெட் அவள் கையை விட்டார்.

“நல்லாத்தான் வந்துச்சு...” என்றது குரல். அதுவும் களைத்துத்தான் இருந்ததாம். “இன்னொரு தடவை எடுத்துருவோம்.”

கஸ் புது ரீலை மாட்டினார். லியோனா முகத்தைத் துடைத்துக்கொண்டு, தான் நடக்கத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பிப் போனாள்.