ஆண் புறாவின் பால்

— விசர்க் கதை கதையாதையும், சேகரம். பறவைக்குப் பால் இல்லை. பத்தொன்பது வருசமாப் பிள்ளையளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறன், எனக்கே புறாப்பால் காட்ட வெளிக்கிட்டிட்டீர்!

— உண்மையாத்தான் அக்கா. சொன்னா நம்பமாட்டியள். கூட்டுக்குக் கிட்ட வந்து ஒருக்காப் பாருங்கோ.

— நான் நெல்லியடியிலையிருந்து மினிபஸ்ஸிலை இடிபட்டு வந்தது புறாப் பாக்கவோ? செத்துப்போன என்ரை தங்கச்சியின்ரை அந்தியேட்டிக் கிரியை முந்தநாள் முடிஞ்சுது. முப்பத்தொரு நாளும் வாய் திறக்காமல் இருந்தனான். இனி அவளின்ரை பிள்ளையை நான் கொண்டுபோறன். உம்மட்டைக் கேக்க வரேல்லை, சொல்லத்தான் வந்தனான்.

— தெரியும். அதுக்காகத்தான் பாருங்கோ எண்டுறன்.

— பிள்ளை எங்கை?

— சீலையிலை கட்டின ஏணையிலை நித்திரை. எழும்ப இன்னும் நேரம் கிடக்கு. அக்கா, ஞாயிற்றுக்கிழமை பூனை வந்து பெட்டைப் புறாவைப் பிடிச்சிட்டுது. குஞ்சு ரெண்டும் பொரிச்சு அண்டைக்கு ரெண்டாம் நாள். தாயில்லாமல் செத்துப்போயிடும் எண்டுதான் நானும் நினைச்சன். இண்டைக்கு ஆறாம் நாள். எப்பிடி உப்பிப்போய்க் கிடக்குதுகள், பாருங்கோ.

— எங்கை, விலகும்... ஐயோ, என்ன அவலட்சணம்! இறகும் முளைக்கேல்லை, கண்ணும் அரைவாசிதான் திறந்திருக்கு. நீர் என்னத்தைத் தீத்தினீர் உதுகளுக்கு?

— நான் ஒண்டும் குடுக்கேல்லை. தேப்பன் புறாதான்.

— அப்ப தேப்பன் தானியத்தைக் கக்கிக் குடுத்திருக்கும். காகமும் அப்பிடித்தானே குஞ்சுக்குத் தீத்துறது. உதைப் போய்ப் பால் எண்டுறீர்.

— இல்லை அக்கா. முதல் ஒரு கிழமை தானியம் குடுத்தாச் செமிக்காது. நெஞ்சுக்கு மேலை தீன்பை இருக்கெல்லோ, அதுக்குள்ளை ஊறும். மஞ்சளா, மொத்தமா, தயிர்க்கட்டி மாதிரி. நில்லுங்கோ, அசையாதேங்கோ. வருது.

— ஆர்?

— தேப்பன். இதிலை குந்துங்கோ, உங்களைக் கண்டா வெருளும்.

— எட, இஞ்சை பாரும்! குஞ்செல்லோ தன்ரை சொண்டைத் தேப்பன்ரை வாய்க்குள்ளை விடுகுது! காகம் எண்டாத் தாயின்ரை சொண்டுதான் குஞ்சின்ரை வாய்க்குள்ளை போகும். இது தலைகீழாக் கிடக்கு. கழுத்தை எப்பிடி உலுப்புது!

— கண்டியளோ!

— கண்டன், கண்டன். கத்தாதையும். சேகரம், அந்தச் சின்னக் குஞ்சின்ரை சொண்டிலை ஏதோ ஒட்டியிருக்கு. ஒருக்காத் தொடலாமோ?

— மெதுவாத் தொடுங்கோ. தேப்பன் கொத்தினாலும் நோகாது.

— வெண்ணெய் மாதிரி வழுவழுவெண்டு... புளிச்ச மணமும் வருது. தானியம் எண்டு ஒரு குறுணிகூட இல்லை. முருகா! போன தவணைச் சோதினையிலை என்ரை வகுப்புப் பெட்டை ஒருத்தி, புறா குஞ்சுக்குப் பால் குடுக்கும் எண்டு எழுதினவள். பிழை போட்டதும் காணாமல் வகுப்புக்கு முன்னாலை வாசிச்சுக் காட்டிச் சிரிக்கவும் வைச்சனான். அவளின்ரை வீட்டிலை புறா நிண்டிருக்கும் போலை.

— போய் அவளிட்டை மன்னிப்புக் கேளுங்கோ.

— அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீர் இளிக்கத் தேவையில்லை. சொல்லும், ஆணுக்கு எப்பிடி ஊறும்?

— பெட்டைக்கு ஊறுற மாதிரித்தான். ரெண்டுக்கும் ஒரே நேரத்திலை ஊறும். அதுதான் அக்கா சொல்லுறன், தாய் போனாலும் தேப்பன் தனிய வளக்கும். பால்மாவைக் கடையிலை கண்ணாலையும் காணேலாது, எண்டாலும் என்ரை பிள்ளை ஒரு நாளும் பட்டினி கிடக்கேல்லை. விடியவெள்ளன ஆட்டுப்பால் வாங்கித் தண்ணி கலந்து காய்ச்சிக் குடுக்கிறன். குளிக்க வாக்கிறன், பீத்துணி தோய்க்கிறன்...

— பொறும், பொறும். அவசரப்படாதையும். எல்லா ஆணுக்கும் ஊறுமோ? அந்தா, முகட்டிலை ஒருத்தர் நெஞ்சை நிமித்திக்கொண்டு நடக்கிறார். அவருக்கு?

— அவரை விடுங்கோ, அக்கா.

— கேட்டதுக்கு மறுமொழி சொல்லும்.

— அவருக்கு... ஊறாது.

— ஏன்?

— உதெல்லாம் என்னத்துக்கு இப்ப?

— எனக்கு அறிய வேணும். புறாவைப் பற்றி உமக்குப் பொய் சொல்ல வராது. சொல்லும்.

— அடை கிடந்தவருக்குத்தான் ஊறும். பகலிலை ஆண் முட்டையிலை இருக்கும், பொழுதுபடப் பெட்டை மாறும். பதினெட்டு நாள் அப்பிடி இருந்தால்தான், குஞ்சு பொரிக்க முந்தியே தீன்பை தடிச்சுப் பால் கட்டும். முட்டையிலை இருக்காத ஆணுக்கு ஒண்டுமில்லை.

— அப்ப என்ரை தங்கச்சி வயித்திலை பிள்ளையோடை இருக்கேக்கை நீர் எங்கை கிடந்தனீர்?

— கொழும்பிலை.

— அவள் சத்தி எடுக்கேக்கை தலையைப் பிடிச்சது ஆர்? பெத்தாப் பிறகு பத்தியக் கறிக்குச் சரக்கு அரைச்சுக் குடுத்தது ஆர்?

— நீங்கள்தான்.

— பேந்தென்ன, உம்மடை வாயாலையே சொல்லிப்போட்டீர்.

— சண்டையாலை பாதை பூட்டியெல்லோ கிடந்தது, அக்கா! வேணுமெண்டோ நிண்டனான்? கொம்படி வெளியிலை இடுப்பளவு தண்ணிக்குள்ளாலை சைக்கிளைத் தோளிலை வைச்சுக்கொண்டு வந்தனான். வந்து சேரேக்கை பிள்ளைக்கு மூண்டு மாசம். என்னைக் கண்டு வீரிட்டு அழுதுது, ஆரோ கள்ளனைக் கண்ட மாதிரி. அதுக்குப் பிறகு மூண்டு மாசம் மூண்டு பேரும் ஒண்டா இருந்தம், அவ்வளவுதான். நெருப்புக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோட்டுது. மருந்து தேடி நான் ஓடாத இடம் இல்லை. இனி நீங்களும் இதைக் கொண்டுபோனால் எனக்கு இந்த வீட்டிலை என்ன கிடக்கு?

— அழாதையும். எனக்கும் அழுகை வரும்.

— சரி அக்கா. நான் அடை கிடக்கேல்லைத்தான். அதை இல்லையெண்டு சொல்லமாட்டன்.

— இன்னும் ஒண்டு கேக்க வேணும்.

— புறாவைப் பற்றியோ?

— ஓம். உந்தப் பால் எத்தினை நாளைக்கு?

— எட்டு, பத்து நாள். பேந்து வத்திப்போயிடும்.

— வத்தினாப் பிறகு குஞ்சு என்ன தின்னும்?

— தானியம்தான். குரக்கன், பயறு. தீன்பையிலை ஊறவைச்சுக் குடுக்கும்.

— ஆர் குடுக்கும்?

— ரெண்டும் குடுக்கும். ஆனா பெட்டை கெதியா அடுத்த முட்டைக்கு ஆயத்தமாகிடும். அதுக்குப் பிறகு குஞ்சு பறக்கிற வரைக்கும் ஆண்தான் கூடுதலாத் தீத்தும்.

— அதுக்கும் அடை கிடந்திருக்க வேணுமோ?

— இல்லை, பாலுக்குத்தான் அந்தச் சட்டம். புறா வளக்கிற கனிசியஸ் அண்ணையின்ரை கூட்டிலை ஒரு தனி ஆண், வேறை சோடியின்ரை குஞ்சுக்குத் தீத்தினதை நான் என்ரை கண்ணாலை கண்டனான்.

— பிள்ளைக்கு ஏழாம் மாசம், என்ன?

— ஓம். வாற புதனோடை ஏழு முடியுது.

— பெம்பிளைப் பிள்ளைக்கு ஏழிலை சோறு தீத்த வேணும். செத்தவீட்டுத் துடக்கெண்டு தள்ளிப்போட்டம். இப்ப துடக்கும் கழிஞ்சுது.

— நெல்லியடியிலை நீங்களே தீத்துங்கோ. பெரியம்மாதானே, உங்களுக்கு இல்லாத உரிமையோ? பிள்ளை எழும்ப முந்தி உடுப்பெல்லாம் மடிச்சுத் தாறன்.

— உடுப்பிலை கை வையாதையும், சேகரம். நாளைக்கு வெள்ளிக்கிழமை, சோத்தை நான் குழைச்சுத் தாறன், முதல் வாய் நீர் தீத்தும், தீத்திப்போட்டு நான் தனியத்தான் பஸ் ஏறப்போறன்.