தோள எறக்குங்க சார்

இல்லீங்க சார், மூச்சப் புடிக்காதீங்க. பந்தத்தான் புடிக்கணும், மூச்ச இல்ல. தோள எறக்குங்க. இன்னும் கொஞ்சம். காதுகிட்ட வந்து நிக்குது பாருங்க, யாரோ பின்னாடி இருந்து சட்டையப் புடிச்சுத் தூக்கற மாதிரி. ஆங், அப்படித்தான். இப்ப மெதுவா நடந்து போயி விடுங்க.

போச்சு. ஓரத்துக் காலவாயில உழுந்துடுச்சு. பரவால்லீங்க, மொத நாள் எல்லாருக்கும் அங்கதான் போவும். எங்க சார் போறீங்க? ஐயோ, உள்ள போகாதீங்க, எண்ண தடவியிருக்காங்க, வழுக்கும்! வாங்க, இப்படி வாங்க. பந்து தானா திரும்பி வரும். கீழயே ஒரு பாதை இருக்கு, தோ, இந்த மெஷின் வழியா வந்து நிக்கும். நாம எடுத்துட்டு வர வேண்டியதில்ல.

சிரிக்கலைங்க சார். சரி, கொஞ்சம் சிரிச்சேன்.

எம் பேரா? வினிதாங்க. சட்டையிலயே போட்டிருக்கு பாருங்க. ஓ, கண்ணாடி எடுத்துட்டு வரலையா? வினிதா, இந்த பவுலிங் சென்டர்ல அசிஸ்டென்ட் கோச். ஊரு உத்தனப்பள்ளிக்கு அந்தாண்ட. தினமும் பஸ்ஸுல ஓசூர் வந்துட்டுப் போறேன். நீங்க காவேரிப்பட்டினமா? ஃபேக்டரில சூப்பர்வைசரா? கம்பெனில போட்டி வச்சிருக்காங்க, அதுக்குப் பழகணும். நல்லதுங்க சார். இப்பல்லாம் சிப்காட்ல எல்லா கம்பெனியும் வைக்கறாங்க. வேட்டி கட்டிட்டு வந்த சூப்பர்வைசர் நீங்கதான் மொத ஆளு. அதனால என்ன, வேட்டிக்கு இங்க தடையெல்லாம் இல்ல. மடிச்சுக் கட்டிக்கங்க. கடைசி அடில முட்டி நல்லா மடங்கணும், இல்லன்னா தடுக்கும். அட, என் முன்னாடி என்னங்க சார் கூச்சம். நீங்க பந்து போடறதத்தான் நான் பாக்கறேன்.

இந்தப் பந்து வேண்டாம். இருக்கறதுலயே கனமானத எடுத்துட்டீங்க. எல்லா ஆம்பளைங்களும் மொதல்ல இதத்தான் எடுப்பாங்க. அப்பறம் மறுநாள் தோள்பட்டைக்குத் தைலம் தேச்சுட்டு ஒக்காந்திருப்பாங்க. தோ, இந்தப் பச்சப் பந்த எடுங்க. கட்ட வெரலு, நடு வெரலு, மோதிர வெரலு மூணும் ஓட்டைக்குள்ள. சுண்டு வெரலு வெளிய சும்மா இருக்கட்டும். இடது கை கீழ இருந்து தாங்கணும்.

ஏங்க சார், ஒண்ணு கேக்கட்டுமா? பந்தக் கையில வாங்கின ஒடனே ரெண்டு தடவ மேல கீழ ஆட்டி எடை பாத்தீங்களே, ஃபேக்டரில அப்படிப் பண்ண மாட்டாங்களே. மாங்கா மண்டில இருக்கறவங்கதான் அப்படிப் பண்ணுவாங்க. இல்லையா? சரி சரி, சும்மா கேட்டேன். இங்க வந்து நிக்கறத வச்சே என்ன வேலைன்னு ஓரளவு தெரிஞ்சிடும் சார். லைன்ல ஒக்காந்து சின்னச் சின்ன பார்ட்டு பாக்கறவங்களுக்குக் கழுத்து முன்னாடி நீட்டிட்டு இருக்கும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவங்க ஒரு பக்கமா திரும்பியே நடப்பாங்க. ஆபீஸ் ஆளுங்களுக்குத் தோளு ரெண்டும் மடங்கி இருக்கும். அவங்க தப்பு இல்ல. எட்டு மணி நேரம் ஒடம்ப எதுல வச்சிருக்கமோ, அந்த உருவத்துக்கு அது போயிடுது.

சரி, இப்படி வந்து நில்லுங்க. கால் ரெண்டும் சேத்து. முதுக மடக்காதீங்க, இடுப்புல இருந்து முன்னாடி லேசா சாயுங்க. இல்ல சார், இது குனியறது. குனியறது வேற, சாயறது வேற. முழங்கையத் தொட்டுக் காட்டட்டுமா? கேட்டுட்டுத்தான் தொடுவேன். ஆங். பாத்தீங்களா, கையில எவ்வளவு முறுக்கு வச்சிருக்கீங்க. பந்த நீங்க தள்ள வேண்டியதே இல்ல. முன்னாடி நீட்டினாப் போதும், அதோட கனத்துல அதுவே பின்னாடி போயி அதுவே முன்னாடி வரும். ஊஞ்சல யாரும் கையில தூக்கிட்டுப் போக மாட்டாங்கள்ல, அந்த மாதிரி. கண்ணு தூரத்துல பாட்டில் மாதிரி நிக்கற பத்து பின்னு மேல வேண்டாம். பலகை மேல அம்புக்குறி போட்டிருக்கு பாருங்க, அதப் பாருங்க. போங்க.

ரெண்டு! ரெண்டு பின்னு உழுந்துடுச்சு. சூப்பர் சார். கைதட்டறதுக்கு வெக்கப்படாதீங்க, இங்க எல்லாரும் அவங்கவங்களுக்கே கை தட்டிக்குவாங்க.

கல்யாணமா? எனக்கா? அதானே பாத்தேன். உங்க வயசு சாருங்க எல்லாரும் மூணாவது பந்துக்குள்ள இதக் கேட்டுடுவாங்க. இன்னும் ஆகலீங்க. இந்த ஞாயித்துக்கெழமதான் பொண்ணு பாக்க வராங்க. அதான் காலையில இருந்தே கொஞ்சம் பதட்டமா இருக்கு. பதட்டம் வந்தா எனக்கு வாய் நிக்காது, நீங்களே பாக்கறீங்கள்ல.

மாப்ளையா? போட்டோதான் பாத்தேன். ஜெகதீஷ்னு பேரு. இங்கயேதான் சிப்காட்ல வேலை. போன்ல ஒரு தடவ பேசினாரு. சாப்டீங்களான்னு கேட்டாரு, சாப்டேன்னேன். அப்பறம் மறுபடியும் சாப்டீங்களான்னாரு. எனக்குப் புடிச்சிருந்துச்சு சார். என்ன விடப் பயந்த ஆளு ஒருத்தர் இருக்காருன்னு.

ஆனா ஒரு சிக்கல் இருக்குங்க. முனிலட்சுமி அக்கான்னு, தரகு பாக்கறவங்க, அவங்க மாப்ள வீட்ல பொண்ணுக்கு ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லி வச்சிருக்காங்க. சுத்தப் பொய்னும் சொல்ல முடியாது. ஏசி இருக்கு. கவுண்டர்ல கம்ப்யூட்டரும் இருக்கு, கூட்டமா இருந்தா நானும் ஒக்காந்து பில்லு போடுவேன். ஆனா நாள் முழுக்க நான் பண்ற வேலை இதுதானே. ஊருக்காரங்க எல்லாத்துக்கும் எப்படி நிக்கறது, எப்படிக் கைய வீசறதுன்னு சொல்லித் தர்றது. முகம் தெரியாத ஆம்பளைங்க முழங்கையப் புடிச்சுக் காட்டறது. இது தெரிஞ்சா சம்பந்தம் நின்னு போயிடும்னு அம்மாவுக்கு பயம். தெரியாமயே நடந்துடுமோன்னு எனக்கு பயம்.

சார், பந்த கீழ வச்சுட்டுக் கேளுங்க, கால்ல போட்டுக்கப் போறீங்க.

ஒரு நிமிஷம் இருங்க. ஏய் குரு, லைன் தாட்டபேடி! பக்கத்து லேன் பசங்க, அத்திப்பள்ளில இருந்து வந்திருக்காங்க. கோட்டத் தாண்டாதீங்கன்னு கன்னடத்துல சொன்னேன். தாண்டினா எத்தன பின்னு உழுந்தாலும் கணக்குல வராது. உங்களுக்கும் அதான் சார், அந்தக் கருப்புக் கோடு.

படிப்பா? பி.காம். எங்க வீட்ல மொத டிகிரி நான்தான். எங்கப்பா ஆஞ்சப்பன், ரோஜா போடற பாலிஹவுஸ்ல வேலை. முதுகுல பூச்சி மருந்து டப்பா மாட்டிட்டு நாள் பூரா அடிப்பாரு. காலேஜுல வேலைக்கு இன்டர்வியூ வச்சாங்க சார், நாலஞ்சு கம்பெனி. எல்லாத்துலயும் பதில் தெரியும். ஆனா அந்த சேர்ல ஒக்காந்ததும் ஒடம்பு தானா சுருங்கிடும். மேஜையப் பாத்தே பேசுவேன். ஒரு மேடம் கேட்டாங்க, உனக்கு ஒடம்பு சரியில்லையாம்மான்னு. ஒண்ணும் கெடைக்கல. அப்பறம்தான் இங்க பில்லு போடற வேலைக்கு வந்தேன்.

ஜோதிமணி மேடம்னு பெங்களூர்ல இருந்து வாரம் ஒரு தடவ கோச்சிங் எடுக்க வருவாங்க. ஒரு நாள் கூட்டம் இல்ல. வாம்மா நீயும் ஒண்ணு போடுன்னாங்க. போட்டேன், காலவாய்தான். அவங்க அத போன்ல படம் புடிச்சிருந்தாங்க, பின்னாடி இருந்து. அதக் காட்டினாங்க. நம்ம முதுக நாம எங்க சார் பாக்கறோம்? அன்னைக்குத்தான் நான் என்னோடத பாத்தேன். அச்சு அசலா எங்கப்பா முதுகு. டப்பா மட்டும்தான் இல்ல. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, கண்ணுல தண்ணியும் வந்துச்சு. மேடம் பயந்துட்டாங்க, நல்லாத்தானே இருக்குன்னு சமாதானம் சொல்றாங்க.

அதுக்கப்பறம் விடல. காலையில கடை தொறக்கறதுக்கு முன்னாடி வந்து பந்தே இல்லாம நடந்து நடந்து பழகினேன். பஸ் ஸ்டாண்டுல நிக்கறப்பக் கூட கைய வீசிப் பாப்பேன். ஒரு பாட்டி எறும்பு ஏறிடுச்சான்னு கேட்டாங்க. இப்ப அடுத்த மாசம் பெங்களூர்ல கோச் பரீட்சை எழுதறேன். தேறிட்டா அசிஸ்டென்ட்ங்கறத எடுத்துடுவாங்க.

தேறுவனான்னா? தெரியலீங்க. தேறுவேன்னுதான் நெனைக்கறேன். ராத்திரியில தேற மாட்டேன்னு நெனைப்பேன், காலையில மாறிடும்.

வாங்க, அடுத்தது. தோளு... நானே சொல்லல, நீங்களே எறக்கிட்டீங்க! நல்லா இருக்கு. வலது காலு மொதல்ல. கடைசி அடி இடது காலு, வழுக்கிட்டே போயி நிக்கட்டும். பந்து போனதுக்கப்பறம் கைய நிறுத்தாதீங்க, மொகம் வரைக்கும் மேல வரட்டும். போங்க சார்.

ஆறு! அட, ஏழு, அந்தக் கடைசி ஆடி ஆடி உழுந்துச்சு பாருங்க! சார், நீங்க கைய மேல தூக்கிட்டு அப்படியே நின்னதச் சுவத்துக் கண்ணாடில பாத்தீங்களா? போட்டோ எடுத்திருக்கணும்.

என்ன கேட்டீங்க? கல்யாணத்துக்கப்பறம் இந்த வேலைய விடச் சொன்னாங்கன்னா?

ம்.

வேண்டாம்னு சொல்லிடுவேன் சார். ஜெகதீஷ நான் வேண்டாம்னு சொல்லுவேன். சொல்லிட்டு பஸ்ஸுல ஏறி ஜன்னலோரமா ஒக்காந்து ராயக்கோட்ட வரைக்கும் அழுவேன், என் ஸ்டாப்பத் தாண்டி. ரெண்டும் பண்ணுவேன். தைரியசாலின்னெல்லாம் நெனைக்காதீங்க. ஆனா மறுபடியும் என்னால அப்படிச் சுருங்கி ஒக்கார முடியாதுங்க. ஒடம்பே கேக்காது.

சரி, பத்து பின்னும் மறுபடி நிக்க வச்சாச்சு, இந்தத் தடவ கொஞ்சம் வலது பக்கமா நின்னு போடுங்க. ஒரு பலக தள்ளி. அம்புக்குறியப் பாருங்க. ஆங், கைய விட்டுடுங்க, அது பாட்டுக்கு வரட்டும். போங்க... போங்க...

ஒம்போது! ஐயோ சார்! ஒம்போது! பிரகாஷு, பாத்தியா? கவுண்டர்ல இருக்கான் பாருங்க, அவனே எழுந்து நின்னுட்டான். ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். அத அடிச்சீங்கன்னா மொத்தமும் கணக்கு. தண்ணி குடிங்க மொதல்ல. வேர்த்துப் போச்சு பாருங்க உங்களுக்கு.

சார், இந்தப் பந்த போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். காலையில கெளம்பறப்ப அம்மா ஒண்ணு சொன்னாங்க. மாப்ளையோட அப்பா இன்னைக்கு உன்ன வெளிய இருந்தே பாத்துட்டுப் போக வராராம், நல்ல சேலையாக் கட்டிட்டுக் கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்துக்கோ, லேன் பக்கமே போகாதன்னாங்க. நானும் சரின்னுதான் சொன்னேன். சேலை கூட பையில இருக்கு. அப்பறம் நீங்க உள்ள வந்தீங்க. அந்தத் தூணுகிட்ட நின்னுட்டு, மேல இருக்கற ஸ்கோர் போர்டப் பாக்கற மாதிரி கவுண்டரையே பாத்துட்டு இருந்தீங்க. கோயில்னா சாமி கும்பிடற மாதிரி ஒரு சுத்து வந்து பொண்ணப் பாத்துட்டுப் போயிடலாம், யாருக்கும் தெரியாது. இங்க டோக்கன் வாங்கி ஷூ மாட்டாம நிக்கவே விட மாட்டாங்க. பிரகாஷ் வந்து கேக்கறான், நீங்க முழிக்கறீங்க, கம்பெனில போட்டிங்கறீங்க. பாவமா இருந்துச்சு சார். சேலையக் கட்டிட்டு வந்து பேசாம ஒக்காந்திருக்கலாம். ஆனா இவ்வளவு தூரம் பஸ்ஸேறி வந்த மனுஷனுக்கு நெசத்தக் காட்டி அனுப்பலாமேன்னு தோணுச்சு. அதான் நானே வந்து, சாருக்கு நான் சொல்லித் தரேன்னேன். கல்யாணம், பரீட்சை, அழுகையெல்லாம் பேசினேனே, முகம் தெரியாத ஆளுகிட்டப் பேசலீங்க. உங்ககிட்டதான் பேசினேன்.

அட, எதுக்கு சார் வேட்டிய எறக்கி விடறீங்க? நான் அதுக்காகச் சொல்லலீங்க. கோவமெல்லாம் சத்தியமா இல்ல. நீங்களும் என் மேல கோவப்படலன்னா சரி. வீட்ல போயி என்ன பாத்தீங்களோ அதச் சொல்லுங்க, அது போதும்.

என்னங்க சார்? சத்தமாச் சொல்லுங்க, அந்தப் பசங்க கத்தறதுல கேக்கல.

உங்க வீட்டம்மாவயா? ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடியா? இங்கயா? கூட்டிட்டு வாங்க, நாளைக்கே கூட்டிட்டு வாங்க. மதியம்னா கூட்டம் இருக்காது. ஆனா ஒண்ணு, அத்தை கால்ல மெட்டி இருக்கும்ல, ஷூவுக்குள்ள அழுத்தும். கொஞ்சம் தடிச்ச சாக்ஸா எடுத்துட்டு வரச் சொல்லுங்க.