மருந்துக்கடை வரைக்கும்

— வீட்டுக்குள்ள எதுக்குங்க ஹெல்மெட்? ஃபேன் கழண்டு தலையில விழுந்துடும்னு பயமா?

— நாளைக்குக் காலையில சைக்கிள்ல அணைக்கட்டுக்குக் கிளம்பணும்ல. பழக்கிக்கிறேன்.

— தலையைப் பழக்கிட்டீங்க. சரி. காலு?

— உன்கிட்ட பேசினா எனக்கு வாய்வலிதான் மிச்சம். கொஞ்சம் நகரு, இந்தப் பையைப் பின்னாடி மாட்டணும். டெக்னிக்கலா பாத்தா, ரெண்டு பக்கமும் வெயிட்டு சமமா இருக்கணும்.

— இந்தப் பக்கம் என்ன இருக்கு?

— மாத்து டியூபு, பம்பு, மழைக்கோட்டு.

— அந்தப் பக்கம்?

— இஸ்திரிப் பெட்டி.

— ஏங்க, பொண்ணு பாக்கவா போறீங்க?

— அணைக்கட்டுல போய் இறங்கினதும் போட்டோ எடுப்பாங்க. கசங்கின சட்டையோட நிக்கச் சொல்றியா? மொத்த ஆபீசும் ரவுண்டானாவுக்கு வருது. எங்க எம்.டி.யே கொடியசைக்கிறார். பின்னாலேயே சைக்கிள் குரூப் ஆளுங்க. முன்னாடி நான்.

— நீங்க. முன்னாடி.

— டெக்னிக்கலா பாத்தா இது சாதா சைக்கிள் இல்ல, புரியுதா? டூரிங் சைக்கிள். முழு ஸ்டீல். தினமும் ஆபீசுக்கும் போகலாம், மூட்டையைக் கட்டிட்டுத் தேசாந்திரமும் போகலாம். இந்தச் சீட்டு இருக்கே, அசல் தோலு. ஓட்ட ஓட்ட, ஓட்டுற ஆளோட உடம்புக்குத் தக்கபடி பதிஞ்சிடும். அப்புறம் வேற யாரு உக்காந்தாலும் குத்தும். உனக்கு எங்க இதெல்லாம் புரியப்போகுது?

— ஆமாமா, எனக்கு என்ன புரியும். மாடி வீட்டு டீச்சருக்குத்தான் புரியுது. 'உங்க வீட்டுக்காரர் தினமும் சைக்கிளை வாக்கிங் கூட்டிட்டுப் போறாரே, அதுக்கு உடம்பு சரியில்லையா?'ன்னு கேக்குறாங்க.

— சின்னத் தெரு. குழந்தைங்க குறுக்க ஓடும். தெருமுனை வரைக்கும் தள்ளிட்டுப் போறது ஒரு ஒழுங்கு.

— முனையில மருந்துக்கடை வாசல்ல பூட்டிட்டு பஸ் ஏறுறீங்களே, அதுவும் ஒழுங்கா?

— யாரு சொன்னா?

— என்கூட வேலை பாக்குற நர்சு அதே பஸ்லதான் வர்றா. ஹெல்மெட்டைக் கூட கழட்டாம கம்பியைப் புடிச்சிட்டு நிப்பீங்களாமே. ஆஸ்பத்திரி பூரா உங்களுக்கு 'ஹெல்மெட் சார்'னுதான் பேரு.

— தெரிஞ்சுக்கிட்டேதான் இவ்வளவு நேரம் வேடிக்கை பாத்தியா?

— இஸ்திரிப் பெட்டி வரைக்கும் போவீங்கன்னு நான் கனவுலயும் நெனக்கல.

— சரி, எனக்கு ஓட்டத் தெரியாது! போதுமா? நல்ல வண்டியா வாங்கினா தானா வந்துடும்னு நெனச்சேன்.

— நல்லவேளை, கப்பல் வாங்கல.

— இங்க பாரு, கிண்டல் பண்ற நேரமா இது? விடிஞ்சா மொத்த ஆபீசும் என்னைப் பாத்துச் சிரிக்கும். நீ எம்.டி.க்கு ஒரு போனைப் போடு. இடுப்பு புடிச்சுக்கிச்சு, எழுந்திரிக்கவே முடியலன்னு சொல்லு.

— மாட்டேன்.

— போன வாரம்தான் மேடையில ஏத்தி மெடல் போட்டாங்க. ஆபீசுலயே அதிகமா சைக்கிள் ஓட்டினது நான்தான்னு. என் மானமே போயிடும்.

— அந்த மானம் போனா போகட்டும். மேடையில வாய் கிழியப் பேசினீங்கல்ல, அதே வாயால நீங்களே சொல்லுங்க.

— அப்ப ஏறித்தான் ஆகணும். ரவுண்டானாவுல எப்படியாவது ஏறி உக்காந்துடுறேன். கொஞ்ச தூரம் இறக்கம்தானே, அதுவா உருளும்.

— இறக்கம் முடிஞ்சதும் ஆஸ்பத்திரி மேடு வரும். அங்க போயி சின்னக் கியருக்கு மாத்தினா சங்கிலி கடகடன்னு இழுத்து நின்னுடும். பாலம் வரும்போதே மாத்திடணும்...

— என்ன சொன்ன?

— ஒண்ணுமில்ல.

— சங்கிலி இழுக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே!

— உங்களுக்கு எப்படித் தெரியும்? தள்ளிட்டுப் போனா சங்கிலி சுத்தாது.

— ஏய்... நீ என் வண்டியைத் தொட்டியா?

— தொட்டேனாவா? நீங்க பஸ் ஏறின அடுத்த நிமிஷம் நான் இதுல ஏறிடுவேன். அந்த மேடு ஏறித்தான் தினமும் வேலைக்குப் போறேன். என் ஷிஃப்ட் சீக்கிரம் முடிஞ்சிடும். நீங்க திரும்பறதுக்குள்ள அதே இடத்துல கொண்டுவந்து பூட்டிடுவேன். மாத்துச் சாவியை அலமாரியில போட்டு வெச்சா யாரு வேணா எடுப்பாங்க.

— போன மாசம் நான் வெளியூர் மீட்டிங் போனப்ப, உங்க அக்கா வீட்டுக்கு பஸ்ல போனேன்னு சொன்னியே?

— பஸ்ல போறது நீங்க. நான் இதுலதான் போனேன். ராத்திரி தங்கிட்டு மறுநாள் திரும்பி வந்தேன். காலு விட்டுப்போச்சு. ஆனா அவ்வளவு சந்தோஷமா நான் இருந்ததே இல்ல, போதுமா? அதுசரி, ஹேண்டில்ல மீட்டர் ஓடிக்கிட்டே இருந்துச்சே, அதைக் காட்டித்தானே மெடல் வாங்கினீங்க? யாரு ஓட்டுறான்னு நெனச்சீங்க?

— மருந்துக்கடைக்காரர். சாவியை அவர் கல்லாவுலதானே வெச்சுட்டுப் போவேன்.

— கல்லாவை விட்டு எந்திரிக்கவே யோசிக்கிற மனுஷன்! அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையா?

— கேட்டா நிறுத்திடுவாரோன்னுதான்... அவர் கடையிலயே குளுக்கோஸ் வாங்கி அவர்கிட்டயே குடுத்தேன். தெம்பா ஓட்டட்டும்னு.

— அடப்பாவமே! 'உங்க வீட்டுக்காரர் எனக்கு எதுக்குமா குளுக்கோஸ் குடுத்தார்?'னு முழிச்சாரு அந்த மனுஷன். எங்கிட்டதான் குடுத்துட்டாரு. அக்கா வீட்டுக்குப் போறப்ப அதைக் கரைச்சுதான் பாட்டில்ல எடுத்துட்டுப் போனேன்.

— சிரிக்காத. இது என் வண்டி. ஷோரூம்ல நின்னு பாத்துப் பாத்து வாங்கினது நான்.

— அப்படியா? ஸ்டாண்டு போட்டுத்தானே நிக்குது. ஏறி உக்காந்து பாருங்க.

— உக்காருறேன். என் வண்டியில உக்கார நீ சொல்லணுமா? ஆ... ஸ்ஸ்...

— என்னங்க ஆச்சு?

— குத்துது.

— டெக்னிக்கலா பாத்தா அது யாரு வண்டிங்க?

— சரி, இறங்கிட்டேன். நாளைக்கு அவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது?

— முழிச்சுத்தான் ஆகணும். மெடலை எடுத்து வைங்க, யாரோடதுன்னு அங்க வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. இஸ்திரிப் பெட்டியை வெளிய எடுங்க. அந்தப் பக்கம் என் துணிமணி வைக்கணும்.

— நீயா போகப்போற? அணைக்கட்டுக்கா?

— பின்ன? இத்தனை வண்டி போகப்போகுது, இது மட்டும் மருந்துக்கடை வாசல்ல நிக்கணுமா?

— அப்ப நான் ரவுண்டானாவுக்கு எப்படி வர்றது?

— வழக்கம்போல பஸ்லதான். அந்த ஹெல்மெட்டைக் கழட்டி இங்க குடுங்க.